மாவு மில் அண்ணாச்சியின் இரும்பு

குர்லாவில் வண்டி மாறுவதற்காகக் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தபோது கணேசனின் போன் வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. மாதுங்காவில் நான் வேலை செய்யும் ரத்த வங்கிக்கு வந்து அவன் கையை நீட்ட வேண்டிய நாள். "சிஸ்டர், இன்னைக்கு வர முடியாது" என்று ஆரம்பித்தான். மேற்கொண்டு பேச நான் விட்டால்தானே? "மூணு மாசத்துக்கு ஒரு தரம் அரை மணி நேரம் உட்காரச் சொன்னா உனக்கு ஆயிரம் சாக்கு. பாண்டுப்லேர்ந்து மாதுங்கா என்ன சீமையா? இரு, உங்க பெரியப்பாகிட்டயே சொல்றேன்" என்று படியேறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நான் மூச்சு வாங்கும்வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு சொன்னான்: "பெரியப்பா போயிட்டாரு சிஸ்டர். காலைல மில்லத் திறக்கப் போனவரு ஷட்டர்கிட்டயே உக்காந்துட்டாரு. எந்திரிக்கல."

யாரிடம் புகார் சொல்வேன் என்று மிரட்டினேனோ அவரே இல்லை என்பது எனக்கு உறைக்க ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வர வேண்டியிருந்தது.

கணேசனின் பெரியப்பா சுடலைமுத்து அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராவியில் அவருடைய மில்லில் கோதுமையும் பச்சரிசியும் அரைத்தவர்கள், அவர் கையைப் பிடித்து இழுத்து வந்ததால் வாழ்க்கையில் முதன்முறையாக ரத்தம் கொடுத்தவர்கள், அவருடைய தம்பி பரமசிவத்தைப் பற்றி ஒரு காலத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியவர்கள், எல்லோரும் இதில் அடக்கம். நான் கடைசியில் குறிப்பிட்டவர்கள் கொஞ்சம் கவனமாகவே படிக்கலாம்.

நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். இதை அவரிடம் நூறு முறை சொல்லியிருப்பேன். ஊசி பிடிக்கும் பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ரத்தம் கொடுத்தவர். வரும்போது தனியாக வரமாட்டார். மில்லில் வரிசையில் நிற்கும் ஆண்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வருவார். "ஒரு பாட்டில் குடுத்துட்டு வாலே, அதுக்குள்ள உன் மாவு ரெடியாயிருக்கும்" என்று மில்லிலேயே அதட்டி வண்டியேற்றிவிடுவார் என்று அவர்களே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். புருவத்திலும் காது மடலிலும் மாவு படிந்திருக்க அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அவர் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்தால் என் கையெல்லாம் வெள்ளையாகிவிடும். அதற்கும் நான் சிடுசிடுப்பேன்.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் ரத்தம் எடுக்கக்கூடாது என்பது விதி. அந்த வயது அவருக்கு நிறைந்தபோது அவரைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். "ஏம்மா, என் ரத்தம் நேத்து வரைக்கும் நல்லாருந்தது, இன்னைக்கு ஊசிப்போச்சா?" என்று கேட்டார். விதி என்றேன். "விதி போட்டவன் வந்து என் மில்லுல ஒரு மூட்டைய தூக்கட்டும் பாப்போம்" என்றார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. கடைசியில் ஒரு சால்வை போட்டு, போட்டோ எடுத்து, டீ கொடுத்து வழியனுப்பினோம். படியிறங்கும்போது அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து எனக்கு என்னவோ செய்தது. அந்த இரக்கத்தில்தான் அந்த மடத்தனத்தைச் செய்தேன்.

ரத்தம் கொடுப்பவர்களுக்கு நாங்கள் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். சிவப்பாக, அட்டை அட்டையாக வரும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. நம் ஊர் உடம்பில் இரும்பு எப்போதும் குறைச்சல்தான், எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான் என்று. வெளிறிய கண்ணிமைகளையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? நாற்பது வருஷம் ரத்தம் கொடுத்த உடம்பு, தேறட்டும் என்று அண்ணாச்சியின் பையில் ஒன்பது அட்டை திணித்தேன். தீர்ந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவரும் வந்தார். டாக்டரைக் கேட்கவில்லை, சீட்டு எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வந்தவர், அதே கணக்கில் மாத்திரை வாங்க வந்தார். நான்கு வருஷம் இது நடந்தது.

இந்த நான்கு வருஷத்தில் அவர் சோர்ந்துபோனார். சர்க்கரை வந்தது. மில்லில் ஆள் போட்டார். கை விரல் முட்டிகள் வலிக்கின்றன என்றார். மாவு டின் தூக்கிய கை வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். களைப்பாக இருக்கிறது என்றபோது இரண்டு அட்டை கூடுதலாகக் கொடுத்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு புது டாக்டர் வந்தாள். மராத்திப் பெண், பார்க்கக் கல்லூரி மாணவி மாதிரி இருப்பாள். ஒரு முகாமுக்கு ஆட்களைக் கூட்டி வந்த அண்ணாச்சியின் கையை அவள் மரியாதையாகப் பிடித்துக் குலுக்கினாள். அவர் வலியில் முகம் சுளித்தார். அவள் கையை விடவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் முட்டிகளை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று இந்தியில் சொன்னாள். மாவைக் கழுவிவிட்டு வந்த கையைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். பழைய வெண்கலப் பாத்திரம் கறுத்தாற்போல் ஒரு நிறம். அந்த மாவுக்கு அடியில் தோல் அப்படி மாறியிருப்பதை நான்கு வருஷமாக எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

ரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று பார்த்தோம். முதல் முறை வந்த அளவைப் பார்த்து இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அதே அளவு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு இவரைப் பல வருஷமாத் தெரியுமே, இரும்பு மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, அண்ணாச்சியை நானே கொன்றுகொண்டிருக்கிறேனோ என்ற பயம். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. செம்பூரில் வீட்டில் சமைத்ததில் உப்பில்லை, காரமில்லை என்று என் கணவர் சொன்னபோது அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேனா? அதுவும் இல்லை.

அந்த ஒரு வாரத்தில் டாக்டர் எனக்கு விளக்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் வரும் இரும்பை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்று தீர்மானிப்பது ஈரல். இரும்பு போதும் என்றால் ஈரல் ஹெப்சிடின் என்று ஒரு சுரப்பை அனுப்பும். அது போய்க் குடலில் கதவைச் சாத்தும். உடம்பில் இரும்பு நிறைந்திருப்பதை ஈரலுக்குத் தெரிவிக்கச் சில மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அண்ணாச்சிக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்க வேண்டும் என்றாள். ஈரலுக்குச் செய்தி போகாது, ஹெப்சிடின் போதுமான அளவு சுரக்காது, கதவு சாத்தாது. உள்ளே போன இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வேறு வழி கிடையாது. அது ஈரலில், கணையத்தில், இதயத்தில், மூட்டுகளில் போய்ப் படியும். ரத்தத்தை வெளியே எடுத்தால்தான் இரும்பும் வெளியே போகும். அண்ணாச்சிக்கு இதை நான் தமிழில் சொன்னதும் அவர் தன் பாஷையில் திருப்பிச் சொன்னார்: "மாடித் தொட்டி ரொம்பினதுக்கப்புறமும் மோட்டாரு ஓடிக்கிட்டே இருக்குங்கிய. நான் நாப்பது வருசமா கீழ குழாயத் திறந்து விட்டுட்டு இருந்திருக்கேன். நீங்க வந்து குழாய அடைச்சுட்டிய." அதற்கு மேல் விளக்கமாக எந்த டாக்டரும் சொல்ல முடியாது. "ஊருக்குக் குடுக்கேன் குடுக்கேன்னு நெனச்சேன் சிஸ்டர். எனக்கேல்லா குடுத்துருக்கேன்" என்று சிரித்தார்.

உடனே அவர் சிரிப்பு நின்றது. "அப்பம் பரமசிவம்?" என்று கேட்டார்.

பரமசிவம் நாற்பத்தெட்டு வயதில் ஈரல் சுருங்கிச் செத்தார். ஊசிக்குப் பயந்தவர், ஒரு முறைகூட ரத்தம் கொடுத்ததில்லை. சாராயப் பாட்டிலைத் தொட்டதும் இல்லை. ஆனால் ஈரல் கெட்டது என்றால் குடிதான் என்று ஆஸ்பத்திரியில் ஒருவன் சொன்னான், தெருவில் நாற்பது பேர் சொன்னார்கள். ஒளித்து வைத்துக் குடித்தார் என்றார்கள். பெண்டாட்டி இசக்கியம்மாளையே ஜாடை பேசினார்கள். அந்த அம்மாள் மகன் கணேசனை அழைத்துக்கொண்டு பாண்டுப்புக்குக் குடிபோனது வாடகை குறைவு என்பதற்காக அல்ல. பரமசிவம் குடித்ததில்லை. அண்ணாச்சியின் ரத்தத்தில் இருந்த அதே கோளாறு தம்பியிடமும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் டாக்டரின் முடிவு. பேசியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இதோடு விஷயம் முடியவில்லை. இந்தக் கோளாறு தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் ஆளைச் சாய்க்கும். அண்ணாச்சி சொந்தத்துக்கு வெளியிலிருந்து பெண் எடுத்தவர். அவருடைய பெண்களுக்கு ஒரு பக்கம்தான், ஆபத்தில்லை என்றாள் டாக்டர். பரமசிவம் கட்டியது சொந்த மாமன் மகளை. "அப்படியானால் தம்பியின் மகனை உடனே பார்க்க வேண்டும்" என்றாள். கணேசனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். ஈரல் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறவன். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் நடந்த அவமானத்துக்குப் பிறகு எந்த வெள்ளைக் கோட்டையும் அவன் நம்பவில்லை.

அண்ணாச்சியும் லேசில் மசியவில்லை. அவருக்கு வாரா வாரம் ரத்தம் எடுக்க வேண்டும். முதல் நாள் பை நிறைந்ததும், "இது யாருக்குப் போகும்?" என்று கேட்டார். மருத்துவத்துக்காக எடுத்த ரத்தம், யாருக்கும் ஏற்றக்கூடாது, மஞ்சள் உறையில் போட்டு எரிக்கப் போய்விடும் என்றேன். ஊசியைத் தானே பிடுங்கப் போனார். "குப்பையில போடுததுக்கா என் ரத்தம்? நான் செத்தாலும் சாவேனே தவிர இதுக்குக் கை நீட்ட மாட்டேன்" என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டாக்டர் போன் செய்தாள், எடுக்கவில்லை. கடைசியில் நான் தாராவிக்குப் போய், மில் சத்தத்துக்கு மேலே கத்தி, "நீங்க வரலேன்னா கணேசன் வருவானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மில்லை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன நான் கூட்டிட்டு வாரேன்" என்றார். ஆள் கூட்டி வருவதில் அவரை யார் மிஞ்சுவது?

கூட்டி வந்தார். கணேசன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். டாக்டர் பேசப் பேச அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. அண்ணாச்சிக்கு இரும்பு இவ்வளவு வேகமாக ஏறியது எப்படி என்று அவளுக்கே புரியவில்லை என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தான் மாத்திரை கொடுத்தேன். நாலு வருஷமா. இரும்பு மாத்திரை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

கணேசன் சிரித்தான். "என்ன மஜாக் இது? எங்கப்பாவ பேவ்டான்னு சொல்லிக் கொன்னீங்க. பெரியப்பாக்கு நீங்களே விஷத்தக் குடுத்துட்டு இப்ப என் ரத்தம் வேணுமா? வாங்க பெரியப்பா, போலாம்." மஜாக் என்றால் விளையாட்டு, பேவ்டா என்றால் குடிகாரன். அவன் கதவைத் திறந்துவிட்டான். அவன் அன்று அந்தக் கதவைத் தாண்டியிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டான் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை. "எலே, யாருலே அந்த மாத்திரையத் தின்னா? எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும்னு உனக்குத் தெரியாதா? சிஸ்டரு ஆசையாக் குடுத்துதேன்னு வாங்கிட்டுப் போயி நம்ம லைன் வீடுகள்ல இருக்க பொம்பளப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். ஒண்ணு என் வாயில போயிருந்தா கேளு." என்னிடம் திரும்பி, "மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர், சொன்னா கோவப்படுவியன்னு சொல்லல" என்றார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். "மொதல்ல எனக்கு எடுங்க. குப்பையில போட்டாலும் சரி. பெறவு அவனுக்குப் பாருங்க."

அவருக்கு எடுத்து முடியும்வரை கணேசன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

அவனுக்கும் இருந்தது. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. ஆனால் ஈரல் இன்னும் கெடவில்லை. வாரா வாரம் எடுத்து, பிறகு மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இறக்கிக்கொண்டு வந்தோம். இப்போது மூச்சு வாங்குவதில்லை. எனக்கு டாக்டர் கொடுத்த தண்டனை எழுத்தில் வந்தது, அதை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து யாருக்கு மாத்திரை கொடுக்கும் முன்னும், வீட்டில் யாருக்காவது ஈரல் கெட்டதா, காரணமில்லாமல் சர்க்கரை வந்ததா என்று கேட்கிறேன். தொணதொணக்கிறாள் என்று என் காதுபடவே சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அண்ணாச்சி அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தார். கைநிறம் கொஞ்சம் தெளிந்தது, முட்டிவலி போகவில்லை. இதயத்தில் படிந்தது முழுக்க இறங்கவில்லை என்று டாக்டர் எச்சரித்திருந்தாள். போனது வயதினாலா, இரும்பினாலா என்று அவளிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். நான் மாத்திரை கொடுத்தாலும் அவர் தின்னவில்லை என்ற ஒரு நினைப்பில்தான் மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் தாராவி வீட்டுக்குப் போனேன். கணேசன் வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "அவியளுக்கு உங்க மேல எம்புட்டுப் பிரியம் தெரியுமா சிஸ்டர்? நீங்க குடுத்த செவப்பு மாத்திரைய ஒரு நாள் தப்பவிட்டதில்ல. மத்தியானம் சோறு உண்ட கையோட ஒண்ணு. நான் எடுத்துக் குடுக்க மறந்தா ஏசுவாவ. எதுத்த வீட்டுப் பிள்ள ரத்தமில்லாமக் கெடக்கேன்னு ஒரே ஒண்ணு கேட்டேன், இது சிஸ்டரு எனக்குன்னு குடுத்ததுன்னு தரமாட்டேனுட்டாவளே" என்றார்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒருவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் மெல்லத் திரும்பினேன். கணேசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் எழுந்து கத்துவான், அந்த வீட்டில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்பான், இனி நாற்காலியில் உட்காரமாட்டான் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. கத்தினால் கத்தட்டும், வராமல் மட்டும் இருந்துவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவன் வெகுநேரம் பெரியப்பாவின் படத்தைப் பார்த்தான். மில்லில் எடுத்த படம், புருவமெல்லாம் மாவு. பிறகு தன் முழங்கை மடிப்பில் ஊசி போன இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டான்.

"வார செவ்வாய்க்கிழமை வந்துருதேன் சிஸ்டர்" என்றான். "இந்த வாட்டி இடது கையில எடுங்க."

வந்தான். அண்ணாச்சியிடம் நாற்பது வருஷம் ரத்தம் வாங்கியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அவர் கொடுத்தது ஒரு பொய். அதை நான் வைத்துக்கொள்கிறேன். கணேசனின் பை நிறைந்ததும் எடைபோட்டு, மஞ்சள் உறையில் இட்டு, நானே வாயைக் கட்டினேன்.